மலைச்சரிவிற் காணியைத் துண்டாக்கு முன்

டிக்கோயாப் பகுதியிற் சமதரை அரிது. ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்குச் செல்லும் வீதியில் நின்று பார்ப்பவருக்கு, மேலே தேயிலை மலைகளும், கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும் பள்ளங்களும், இடையிடையே கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி பயிரிட்ட மரக்கறித் தோட்டங்களும் தென்படும். இத்தகைய சரிவிலுள்ள காணியைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தாலும், துண்டு துண்டாக விற்றாலும், காகிதத்தில் இழுக்கப்படும் ஒவ்வொரு கோடும் மழைநீரின் போக்கை மாற்றக்கூடியது. ஆதலின் மலைநாட்டிற் காணிப் பிரிவு வரைபடம் எல்லையைக் காட்டினால் மட்டும் போதாது. நீர் எவ்வழியால் வந்து எவ்வழியாற் போகும் என்பதையும் காட்டுதல் வேண்டும். இதனைக் காட்டாத படத்தின்மேற் காணி வாங்கிய கமக்காரர், முதற் பெருமழையிலேயே அயலவரோடு வழக்காட நேரிடும்.

காணி எவ்வகையானது?

படம் வரைவிக்கு முன் காணியின் உரிமை எத்தகையதென அறிதல் வேண்டும். நொத்தாரிசு உறுதியுள்ள தனியார் காணியாயின் உரிமையாளரே பிரிவிடலுக்கு விண்ணப்பிக்கலாம். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்படாத காணி விற்பனைக்குச் சட்ட வலு இல்லை. வெற்றுக் கடதாசியில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டு, “அரைக்காணி எனக்கு, அரைக்காணி உனக்கு” என்று முடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அத்தாளைக் கொண்டு எவரும் படம் சமர்ப்பிக்க இயலாது.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைத் தன் விருப்பப்படி துண்டாக்குதல் கூடாது. பிரதேச செயலாளரை முதலில் அணுகுதல் வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு வேறு சட்டம் உண்டு. பெருந்தோட்டங்கள் சிதறிப் பயனற்றுப் போதலைத் தடுக்க 1958 இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் துண்டாடலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 2005 இல் தென்னந்தோட்டங்களும் அதனுட் சேர்க்கப்பட்டன. அச்சட்டம் தழுவும் தோட்டமொன்றைப் பிரிப்பதற்கு அதற்கென அமைந்த சபையின் அனுமதி வேண்டும். லயத்தின் அருகே தலைமுறை தலைமுறையாக மரக்கறி பயிரிட்டு வந்த நிலமாயினும், தோட்டக் காணி அரசுக்கு உரியதாகவும் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டதாகவும் இருப்பின், பயிரிட்டவர் அதனை விற்கவோ பிரிக்கவோ முடியாது. இது பலருக்கு மனக்கசப்பைத் தரும் உண்மை. எனினும் காசு கைமாறிய பின்னர் அறிவதினும் முன்னர் அறிதல் நன்று.

கினிகத்தேனை, அம்பகமுவைப் பக்கத்துப் பள்ளங்களிலுள்ள வயல்களுக்கு மேலும் ஒரு காவல் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். வயலோரத்தில் வீட்டுத்துண்டு வாங்க எண்ணுபவர் கமநல சேவை நிலையத்திற் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது நலம். நிலம் பல போகம் தரிசாய்க் கிடப்பதால் மட்டும் அது வயல் அல்லாது போய்விடாது.

அனுமதி வழங்குபவர்

டிக்கோயா நகரம் ஹட்டன்–டிக்கோயா நகர சபையின் எல்லைக்குட்பட்டது. நகருக்கு வெளியேயுள்ள தோட்டங்களும் கிராமங்களும் முன்னர் அம்பகமுவைப் பிரதேச சபையின்கீழ் இருந்தன. அச்சபை 2018 இல் அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. காணி எச்சபைக்குரியதென அறிந்து அங்கேயே விண்ணப்பம் கொடுத்தல் வேண்டும். சபைகளுக்கு அதிகாரம் அளிப்பன 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், நகர அபிவிருத்திப் பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்ட எல்லைகளில் 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமுமாம்.

துண்டின் அளவைப் பற்றி மனக்கணக்கில் நம்பிக்கை வைத்தல் தவறு. 1986 ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடல் விதிகள் வீட்டுத்துண்டொன்றுக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் வேண்டுமென்றும், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது பொதுவெளிக்கெனப் பத்திலொரு பங்கு ஒதுக்கப்பட வேண்டுமென்றும் வகுத்தன. 2021 இற் புதிய விதிகள் வெளிவந்தன. ஆதலின் விண்ணப்பிக்கும் நாளில் அக்காணிக்குப் பொருந்தும் அளவையும் பாதையின் அகலத்தையும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

ஓர் ஏக்கர் காணியை 10 பேர்ச் துண்டுகளாகப் பிரிப்பதாகக் கொள்க. ஏக்கருக்கு 160 பேர்ச். ஆகவே 16 துண்டுகள் என்று தரகர் சொல்வார். 20 அடி அகலமும் 330 அடி நீளமும் உள்ள பாதைக்கு 6,600 சதுர அடி போகும்; பேர்ச் ஒன்று 272¼ சதுர அடியாதலால் இது 24 பேர்ச்சுக்குச் சற்று மேல். ஓடைக்கரை ஒதுக்குக்கும் கான்களுக்கும் இன்னொரு 15 பேர்ச் விட்டால் எஞ்சுவது 121 பேர்ச், துண்டுகள் 12. பதினாறு பேரிடம் முற்பணம் வாங்கியவரின் படம் சபையிலிருந்து திரும்பி வருவதன் காரணம் பெரும்பாலும் இக்கணக்கே.

கயிற்றளவும் படத்தளவும்

நில அளவையாளர் சரிவின்மேல் நாடாவைக் கிடத்தி வரும் நீளத்தைப் பரப்பளவுக்கு எடுப்பதில்லை. கிடைத்தளத்தில் வரும் நீளத்தையே எடுப்பர். கமக்காரர் கயிற்றைச் சரிவிற் கிடத்தி அளப்பர். கிடையாக 100 அடிக்கு 60 அடி உயரும் சரிவில், நிலத்திற் கிடத்திய 100 அடிக் கயிறு படத்தில் 86 அடிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். கயிற்றளவில் 10 பேர்ச் என்றது படத்தில் ஏறத்தாழ 8½ பேர்ச். அளவையாளர் களவாடினார் என்று எழும் சண்டைகள் பலவற்றுக்கு வேர் இதுவே. பதிவும் உரிமமும் பெற்ற நில அளவையாளரின் படமே ஏற்கப்படும்.

சரிவைக் கமக்காரரே அறிந்துகொள்ள எளிய வழியுண்டு. பத்தடிக் கம்பொன்றின் ஒரு நுனியை மேட்டில் ஊன்றி, மட்டப்பலகை வைத்துக் கம்பைக் கிடையாகப் பிடித்து, மறுநுனியிலிருந்து நிலம் வரை அளக்கவேண்டும். 3 அடியாயின் சரிவு நூற்றுக்கு 30. 6 அடியாயின் நூற்றுக்கு 60.

இதன் பொருள் வீடு கட்டும்போது நன்கு விளங்கும். மலையகத்தில் இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டத்திற் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி குறிக்கப்பட்டது. சதுரமாக வெட்டிய 7 பேர்ச் துண்டின் பக்கம் ஏறத்தாழ 43½ அடி. நூற்றுக்கு 30 சரிவில் அத்துண்டின் மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் உயர வேறுபாடு 13 அடி. நூற்றுக்கு 60 சரிவில் 26 அடி. 25 அடி ஆழமுள்ள வீட்டுக்கு, 30 சரிவில், மண் முழுவதையும் வெட்டித் தளம் எடுத்தால் பின்சுவருக்கு அப்பால் 7½ அடிச் செங்குத்து மண்மேடு நிற்கும். அம்மேட்டின்மேல் அடுத்தவரின் காணி இருக்கும். அவர் மரக்கறிக்கு இறைக்கும் நீரும் மலக்குழி நீரும் அதனுள்ளேயே ஊறும். ஆகையாற் சரிவான இடத்தில் துண்டுகளின் நீளப்பக்கம் சமவுயரக்கோட்டை ஒட்டிக் கிடக்கவும், குறுகிய பக்கம் மேல்கீழாக அமையவும் படத்தை வரைவித்தல் வேண்டும். பாதை வாசல் எல்லாத் துண்டுக்கும் கிடைக்கவேண்டுமென்று நாடாக்களைப்போல மேலிருந்து கீழாக வெட்டிய துண்டுகளே மலைநாட்டில் அதிகம் காணப்படுவன. மண்ணரிப்புக்கு அவையே சிறந்த வாய்க்கால்கள்.

கான்கள்

பழைய தேயிலை மலைகளில் மழைநீர் வேகங்கொள்ளாதபடி சரிவுக்குக் குறுக்கே கான்கள் வெட்டப்பட்டிருக்கும். கான் வெட்டுவதும் துப்புரவாக்குவதும் தோட்ட வேலையில் ஒரு தனிப் பகுதி. தோட்டத்தின் ஒரு பகுதி தனியார் காணியாகிப் பத்துத் துண்டாகும்போது, ஒரே கான் ஐந்து அல்லது ஆறு துண்டுகளைக் கடந்து செல்வதாகிறது. படத்தில் அது காட்டப்படாவிட்டால், ஒருவர் தம் துண்டிலுள்ள பகுதியை மூடி உருளைக்கிழங்குப் பாத்தி போடுவார். மேலேயுள்ளவரின் நீர் அவ்விடத்திலே கரையுடைத்துக் கீழுள்ளவரின் வீட்டின்மேல் விழும். கானை மூடியவருக்கு இதிற் குற்றமே தோன்றாது. தம் உறுதியில் அப்படி ஒரு கான் இல்லையென்பார். அவர் சொல்வதும் மெய்யே.

எனவே பழைய கான்கள், ஊற்றுகள், பீலிகள், ஓடைகள், கற்பாறைகள் யாவும் படத்திற் குறிக்கப்படல் வேண்டும். கான் செல்லும் அகலம் தனிக் கோடுகளால் ஒதுக்கப்பட்டு, அதனை எவரும் மூடலாகாது என்பதும், துப்புரவாக்குவது யார் கடமை என்பதும் ஒவ்வோர் உறுதியிலும் எழுதப்படல் வேண்டும். பீலி நீரை எடுக்கும் உரிமையும் அவ்வாறே. கான்கள் முடிவடையும் இடம், அதாவது நீர் இறுதியாக விழும் ஓடை, படத்தின் எல்லைக்கு வெளியே இருப்பினும் காட்டப்படுதல் நன்று. டிக்கோயாப் பள்ளங்களின் நீர் காசல்ரீக்குச் சேர்ந்து, கெஹெல்கமு ஓயா வழியாய்க் களனி கங்கைக்குப் போவது. இங்கே கழுவப்பட்ட மண் 1965 இல் நிறைவுற்ற அந்நீர்த்தேக்கத்தின் அடியிலே படிகிறது. கீழ்ப்பள்ளத்து வயல்களின் வாய்க்கால்களும் அதனாலே தூர்கின்றன.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல் இயற்றப்பட்டு 1996 இல் திருத்தப்பட்டது. சரிவு நிலத்தைத் திறந்து வெட்ட எண்ணுவோர் அதற்குரிய ஆலோசனையைப் பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையத்திலிருந்து விவசாயப் போதனாசிரியர் மூலம் பெறலாம்.

மண்சரிவு அறிக்கை

2011 முதல், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை கோரப்படுகிறது. நுவரெலியா அவற்றுள் ஒன்று. இவ்வறிக்கையைச் சிலர் வீண் தாமதமாகக் கருதுவர். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை லயங்கள் மண்ணுள் அமிழ்ந்தன. அவ்விடம் அபாயமானதென அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியிற் திட்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டின் பல மாவட்டங்களில் மண்சரிவுகள் நிகழ்ந்து பலரின் உயிரைக் கொண்டன. அறிக்கையைக் காணி பிரித்து விற்ற பின் எடுப்பதிற் பயனில்லை. அபாயமெனக் குறிக்கப்படும் மூலை எத்துண்டில் விழுகிறதோ அத்துண்டை வாங்கியவரே நட்டமடைவார். படம் வரைவதற்கு முன் எடுத்தால் அம்மூலையை மரம் நடவோ புல் வளர்க்கவோ விட்டு, பாதையையும் துண்டுகளையும் வேறிடத்தில் அமைக்கலாம்.

சமர்ப்பிக்க வேண்டியவை

சபையின் விண்ணப்பப் படிவத்துடன், உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்திலிருந்து பெற்ற சாற்றுப் பத்திரம், முன்னைய அளவைப் படம், புதிய பிரிவுப் படத்தின் பிரதிகள் என்பன வேண்டப்படும். வயல், அனுமதிப்பத்திரக் காணி, தோட்டக் காணி என்பவற்றுக்கு மேற்சொன்ன அதிகாரிகளின் கடிதமும் சேர்க்கப்படும். பெருங்காணியாயின் முதலில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி பெற்று, அதன்பின் முழுப்படம் வரைவித்தாற் செலவு மிஞ்சும். படத்தில் அளவுத்திட்டம், வடக்குக் குறி, அயற்காணிகளின் பெயர், ஒவ்வொரு துண்டின் பரப்பு, பாதையின் அகலமும் அது பொது வீதியைச் சேரும் இடமும், சமவுயரக்கோடுகள் என்பன இருத்தல் வேண்டும். பாதை அடுத்தவரின் காணியூடாக வருமாயின் அவ்வழியுரிமைக்கு உறுதி காட்டப்படல் வேண்டும், வாய்ச்சொல் ஏற்கப்படாது.

துண்டு வாங்குபவர் அங்கீகார இலக்கமும் சபையின் முத்திரையும் உள்ள படத்தைக் கண்ணாற் கண்டு, உறுதியிற் குறித்த படஇலக்கம் அதுவே என ஒப்புநோக்கிய பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். “படம் சபையில் இருக்கிறது” என்பது அங்கீகாரம் ஆகாது.

அங்கீகாரம் கிடைத்ததும் அளவையாளரைக் கொண்டு எல்லைக்கற்களை நடுவித்தல் வேண்டும். பாதையும் கான்களும் முதலில் வெட்டப்பட்டு, அவற்றின் கரைகளிற் புல் பிடித்த பின்னரே வீட்டுத்தளம் வெட்டப்படல் நன்று. டிக்கோயாவில் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை கனத்துப் பெய்யும்; ஏப்பிரலிலேயே மாலை மழை தொடங்கிவிடும். மண் வேலைக்கு ஏற்றவை சனவரி, பெப்புருவரி, மார்ச்சு மாதங்கள். ஆதலின் அம்மாதங்களுக்கு முன்னரே அங்கீகாரம் கையில் இருக்கும்படி, விண்ணப்பத்தை முந்திய ஆண்டின் நடுப்பகுதியிற் கொடுப்பது பொருத்தமாகும்.