அடிபட்ட சேவலைப் பார்த்தா என்ன செய்யணும்?

முருகா சரணம்! மாமரமாய் நின்ற சூரபத்மனை வேல் பிளந்தது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். பகைவனையே கொடியில் ஏற்றிக்கொண்டவர் நம் அப்பன்.

அப்போ, சண்டைக்கு விட்டுக் காயப்பட்ட சேவல் நம்ம கண்ணில் பட்டா?

காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் அமைதியா வைங்க. நம்ம மாத்திரை கொடுக்காதீங்க. பாதத்தின் அடியில் வீக்கமும் கருப்புப் பொருக்கும் இருந்தா, உள்ளே சீழ் பிடிச்சிருக்கலாம். வீட்டில் கீறாம அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. தமிழ்நாட்டில் 1962-க்கும் அழைக்கலாம். வெள்ளைக்கழிச்சல் பரவாம இருக்க, மற்ற கோழிகளோட சேர்க்காம 30 நாள் தனியா வைங்க.

குணமான பிறகு யார் கையில் கொடுக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். வேற சேவல் இல்லாத, பெட்டைக்கோழிகள் இருக்கிற வீடா பாருங்க. சண்டைக்கு விடமாட்டோம், அறுக்கமாட்டோம்னு வாக்கு வாங்குங்க. மறுபடி களத்துக்கே போனா, காப்பாத்தினதுக்கு என்ன பலன்?

வேலும் மயிலும் சேவலும் துணை!