நசிகேதனின் முதல் வரம்

பெங்களூரில் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஓர் அன்னை தயங்கியபடி வந்தார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. கைபேசி விளையாட்டு ஒன்றில் முகமறியாத ஒருவன் அவளுடன் தோழமையாகப் பேசத் தொடங்கினான். பள்ளியின் பெயரைக் கேட்டான். பிறகு புகைப்படம் கேட்டான். அம்மாவிடம் சொல்லாதே என்றான். மூன்று வாரங்கள் குழந்தை வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது, "நீங்கள் திட்டுவீர்கள், போனைப் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று பயமாக இருந்தது" என்றாள்.

"சுவாமிஜி, அந்த மனிதனைவிட என்னிடம்தான் அவள் அதிகம் பயந்திருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார் அந்த அன்னை.

அச்சொற்கள் கடோபநிஷதத்தின் தொடக்கத்தை நினைவூட்டின. வேள்வியில் தந்தை தானமளிக்கும் மெலிந்த பசுக்களைக் கண்டு நசிகேதன் மனம் வருந்துகிறான். தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று கேட்கிறான். மூன்றாம் முறை கேட்டதும் தந்தை சினந்து, யமனுக்குக் கொடுத்தேன் என்று கூறிவிடுகிறார். யமன் அளித்த மூன்று வரங்களில் ஆத்ம வித்தையைத் தந்த மூன்றாவதையே நாம் பெரிதும் போற்றுகிறோம். ஆனால் அச்சிறுவன் முதலில் கேட்டது எது? தந்தையின் சினம் தணிய வேண்டும்; திரும்பிச் செல்லும் தன்னை அவர் அடையாளம் கண்டு அன்புடன் ஏற்க வேண்டும் என்பதே.

இணையத்தில் அஞ்சத்தக்க ஒன்றைச் சந்தித்துவிட்ட குழந்தைக்கும் முதலில் வேண்டுவது இவ்வரமே. வஞ்சகனின் வலிமை கருவியில் இல்லை, இரகசியத்தில் இருக்கிறது. முதலில் புகழ்ச்சி, பின்னர் பரிசு, அதன்பின் இரகசியம், இறுதியில் மிரட்டல் என்று அவன் படிப்படியாக நெருங்குகிறான். பெற்றோர் கோபிப்பார்கள் என்று அவன் சொல்வதை நம்முடைய கோபமே மெய்யாக்கிவிடுகிறது.

அப்படியானால் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். இளஞ்செடிக்கு வேலி அவசியம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014-இல் ‘ஷட்’ என்ற சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. தொழில்நுட்பத்தை ஆரோக்கியமாகப் பயன்படுத்த உதவுவதே அதன் பெயர் சுட்டும் நோக்கம். கருவியை விலக்குவதன்று, அதை ஆளும் விவேகத்தை வளர்ப்பதே குறிக்கோள் என்பதை இப்பெயரே உணர்த்துகிறது.

தீங்கு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. குழந்தையைக் குற்றம் சாட்டாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். அந்த மனிதனுடன் நீங்களே வாதிட வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இணையக் குற்றங்களுக்கான எண் 1930. காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். பாலியல் நோக்குடன் மின்னணு வழியில் குழந்தையை விடாது தொடர்புகொள்வது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானம் கருதி மூடி மறைத்தால் அது அடுத்த குழந்தைக்கு இழைக்கும் தீங்காகும்.

இம்மாதப் பயிற்சி

1. கைபேசியும் கணினியும் கூடத்தில் இருக்கட்டும். இரவில் படுக்கையறைக்குச் செல்ல வேண்டாம். இவ்விதி பெற்றோருக்கும் உரியது.

2. வாரம் ஒருமுறை குழந்தையின் அருகில் அமர்ந்து, அது விளையாடும் விளையாட்டை அதனிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

3. பெயர், பள்ளி, முகவரி, புகைப்படம் ஆகியவற்றை முகமறியாதவருக்குத் தரலாகாது என்பதைக் காரணத்துடன் விளக்குங்கள்.

4. "எது நடந்தாலும் என்னிடம் சொல், நான் கோபிக்க மாட்டேன்" என்று வாக்களியுங்கள். ஒரு கண்ணாடிக் குவளை உடையும் சிறு தருணத்திலேயே அவ்வாக்கைக் காத்துப் பழகுங்கள்.

நான்காவதே கடினமானது, அது நமக்குரிய சாதனை. நசிகேதனுக்கு அவ்வரத்தை யமன் அளித்தான். நம் குழந்தைகளுக்கு அதை அளிக்க வேண்டியவர்கள் நாமே.