தொலைமலையின் நீலம்

நுழையும்முன்

நாள்தோறும் காணும் காட்சியைக் குறித்து ‘ஏன்’ என்று வினவும்போது அறிவியல் பிறக்கிறது. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் வாழ்வோர் அன்றாடம் காணும் கல்வராயன் மலையின் நிறத்தைப் பற்றிய ஒரு வினா, ஒளியின் இயல்பையும் மலைவாழ் மக்களின் இன்றைய தேவை ஒன்றையும் விளக்க வல்லது.

மலையின் நிறம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கிறது. சமவெளியில் நின்று நோக்குவோர்க்கு அது நீலமாகத் தோன்றும். கச்சிராயபாளையம் கடந்து கோமுகி அணையை நெருங்கினால் நீலம் விலகிப் பச்சை புலப்படும். வெள்ளிமலை வரை ஏறிச் சென்றாலும் அந்நீலத்தை எட்ட இயலாது. அங்கிருந்து நோக்கினால் அப்பாலுள்ள முகடுகள் நீலமாக நிற்கும். மலையில் இல்லாத நிறம் எங்கிருந்து வருகிறது?

ஒளியும் அலையே

மின்புலமும் காந்தப்புலமும் இணைந்து அலையாகப் பரவும் என்றும், ஒளியும் அத்தகைய அலையே என்றும் மேக்சுவெல் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளை ஹெர்ட்ஸ் பின்னர் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். வானொலி அலை, அலைபேசி அலை, ஒளி, எக்ஸ் கதிர் ஆகிய அனைத்தும் ஓரினமே. வெற்றிடத்தில் இவை யாவும் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்லும். அலைநீளத்தால் மட்டுமே வேறுபடும். நம் கண் காண்பது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான சிறு பகுதியையே.

காற்று தீட்டும் நிறம்

கதிரவன் ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிகும் என்பது இராலே கண்ட விதி. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறும். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று இவ்வாறு சிதறடித்த நீல ஒளியே, மலையின் பச்சையை மூடிக்கொண்டு நம் கண்ணை அடைகிறது. எனவே, மலையின் நீலம் மலைக்கு உரியதன்று; இடைப்பட்ட காற்றுக்கு உரியது. மாலையில் கதிரவன் மலைக்குப் பின் இறங்கும்போது, அதன் ஒளி நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு எஞ்சுகிறது.

கடலைக் கேட்ட தமிழர்

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் எதிரொளிப்பதே அதற்குக் காரணம் என்னும் விளக்கம் அந்நாளில் நிலவியது. இராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் எதிரொளிப்பைத் தடுத்து நோக்கினார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவுக்கு வந்தார். அவ்வினாவைத் தொடர்ந்த ஆய்வே, 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவாக மலர்ந்தது. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் அவ்வாய்வில் துணைநின்றார். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மலையின் மறைவில்

ஒளிக்கு மலை தடையாகும்; அதனால் நிழல் விழுகிறது. அலைபேசி அலைக்கும் அத்தகைய நிழல் உண்டு. தடையின் விளிம்பில் அலை வளைந்து செல்வதை விளிம்பு விளைவு என்பர். அலைநீளம் மிகுந்தால் வளைவும் மிகும். திருச்சிராப்பள்ளி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் நடுவலைக்கு அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அது குன்றுகளைச் சுற்றி வளையும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைபேசி அலைக்கோ 33 சென்டிமீட்டரே. மலைமுகட்டின் பின்னேயுள்ள பள்ளத்தாக்கை அது எளிதில் எட்டுவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்கள் அலைபேசி வழியே நடந்தபோது, இத்தகைய மறைவிடங்களில் வாழும் மாணவர் அலையைத் தேடி மேடான இடங்களுக்குச் செல்ல நேர்ந்தது.

இது நீக்க முடியாத குறையன்று. முகடுகளில் கோபுரம் அமைத்தும், அலையை வாங்கிப் பெருக்கி மறுபுறம் அனுப்பும் கருவிகளை நிறுவியும், செயற்கைக்கோளின் துணைகொண்டும் அந்நிழலைப் போக்கலாம். அலை எங்கே நிற்கிறது என்பதை அறிவியல் காட்டும். அங்கே வாழ்வோர்க்கு அதைக் கொண்டு சேர்ப்பது சமூகத்தின் கடமை. மலையின் நீலத்தைக் கண்டு மகிழும் நாம், அதன் மறுபுறத்தில் வாழ்வோரையும் நினைத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. கண்ணாடிக் குவளை நீரில் சில துளி பால் கலந்து, இருளில் கைவிளக்கின் ஒளியைச் செலுத்துக. பக்கவாட்டிலும் எதிர்ப்புறத்திலும் காணும் நிறங்களை ஒப்பிட்டுக் காரணம் எழுதுக.

2. உங்கள் ஊரில் அலைபேசித் தொடர்பு குன்றிய இடங்களைக் கண்டறிந்து, அதற்கான காரணத்தையும் தீர்வையும் வகுப்பில் கலந்துரையாடுக.