பாகத்தை மாற்றும் முன் மீட்டரை எடு

அன்புள்ள தம்பி,

பைக்கில் கரண்ட் கோளாறு என்றதும் தொழில் பழகும் பையன்களுக்குக் கை தயங்குகிறது. கார்புரேட்டரைப் பிரித்தால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்; ஒயருக்குள் நடப்பது தெரியாது. தெரியாததால் ஊகிக்கிறார்கள். பேட்டரி நிற்கவில்லை என்று வந்த வண்டிக்குப் புதுப் பேட்டரி, ஸ்பார்க் வரவில்லை என்று வந்த வண்டிக்குப் புது சிடிஐ (ஸ்பார்க்கைத் தூண்டும் யூனிட்). கொஞ்ச நாளில் அதே வண்டி அதே குறையோடு திரும்பி வருகிறது. செத்த பாகத்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது, அது ஏன் செத்தது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல 500 ரூபாய் மல்டிமீட்டரே போதும். இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் உன்னிடம் வாதாடப் போகிறேன்.

பேட்டரியில் ஆரம்பி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் அளந்தால் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. அதை வைத்துப் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிவிடாதே. வெளியே சார்ஜரில் முழுக்க ஏற்றிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது மறுபடி அள. அப்போதும் 9.5-க்குக் கீழே விழுந்தால்தான் அதன் ஆயுள் முடிந்தது. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, 4000 ஆர்பிஎம் வாக்கில் பேட்டரி முனைகளில் பார். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) வோல்டேஜைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த வண்டியில் பல்பு அடிக்கடி ஃப்யூஸ் போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். 13.8-ஐயே தொடவில்லை என்றால் மேக்னெட் காயில், ஆர்ஆர் யூனிட், காயிலிலிருந்து பேட்டரி வரை உள்ள ஒயர் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்றில் குறை.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது அந்த மூன்றாவதில்தான். ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பழுப்பேறி இருக்கும், உள்ளே பித்தளைப் பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். மழைத் தண்ணீர் செய்த வேலை. அந்த இணைப்பில் 0.2 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வை. 5 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே காணாமல் போகும், 5 வாட் சூடாக மாறும். பழுப்புக் கறை அந்தச் சூட்டின் தடம். ஆர்ஆர் யூனிட் 14.2 கொடுக்கிறது, பேட்டரிக்குப் போய்ச் சேருவது 13.2. அந்தப் பேட்டரி ஒருநாளும் நிறையாது, தகடுகளில் சல்பேட் படிந்து சாகும். புதுப் பேட்டரி போட்டாலும் அதன் கதி இதுதான்.

'நான் மீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பார்த்தேன், சத்தம் வந்தது, ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது' என்று நீ கேட்கலாம். பஸ்ஸர் 0.2 ஓமுக்கும் கத்தும், அதைவிட அதிகமான தடைக்கும் கத்தும். மீட்டரின் சொந்த ஒயர்களே ஏறக்குறைய அந்த அளவு தடை உள்ளவை. பத்து இழையில் ஒன்பது அறுந்த ஒயரும் பஸ்ஸரில் தேறிவிடும். அதனால் கரண்ட் ஓடும்போது அள. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, சிவப்பு முனையை ஆர்ஆர் யூனிட்டின் அவுட்புட்டிலும் கறுப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வை. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் குறை. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் இதையே செய். எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டும் துருவும் இருந்தால் அங்கேயும் வோல்ட் தொலையும்.

ஒயரில் குறையே இல்லாமலும் பேட்டரி இறங்கலாம். இந்தியாவில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட் அணையாது. 35 வாட் பல்பு மட்டுமே சுமார் 3 ஆம்பியர் தின்னும். நெரிசலில் ஊர்ந்து தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் செல்ஃப் அடிக்கும் வண்டியில் பேட்டரி இறங்குவது கோளாறே இல்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று முதலில் கேள்.

இக்னிஷனிலும் இதே கதைதான், விலைதான் கூட. டிசி சிடிஐ உள்ள வண்டி பேட்டரியை நம்பித்தான் ஸ்பார்க் தரும். செல்ஃப் இழுக்கும் இழுப்பில் சிடிஐக்கு 8 வோல்ட்தான் போகிறது என்றால் ஸ்பார்க் மங்கும், அல்லது வராது. கிக்கர் அடித்தால் உயிர் வரும். அந்த வண்டிக்கு சிடிஐ மாற்றியவர் சார்ஜிங் குறைக்கு இக்னிஷன் வைத்தியம் பார்த்திருக்கிறார். செல்ஃப் அடித்துக்கொண்டே சிடிஐயின் சப்ளை ஒயரில் அள, எர்த்தைப் பார், கில் சுவிட்சையும் சைடு ஸ்டாண்டு சுவிட்சையும் பார். ஒரு மணி நேரம் ஓடி நின்றுபோய், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், சிடிஐக்கு ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயிலைச் சந்தேகி. சூட்டில் உள்கம்பி விரிந்து பிரியும், ஆறினால் சேரும். ஆறிய காயிலை அளந்து நல்லது என்று விட்டுவிடாதே. வண்டி நின்ற அந்த நிமிடத்தில், சூட்டோடு அள.

சிடிஐயை மீட்டரால் சோதிக்க முடியாதே, நல்லது ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதானே வழி என்பார்கள். சரியான ஆட்சேபணை. சிடிஐயைப் பொறுத்தவரை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. ஆனால் அது கடைசிப் படி. சப்ளை, எர்த், பல்சர் காயில், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் எச்டி காயில் நான்கும் தேறிய பிறகு செய்தால் அது சோதனை. முன்னால் செய்தால் சூதாட்டம். 16 வோல்ட் போகிற வண்டியில் மாட்டினால், இரவல் வாங்கிய நல்ல சிடிஐயும் போய்விடலாம்.

இன்னொரு பழக்கத்தை அடியோடு விடச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் சார்ஜிங் நல்லது என்று தீர்ப்புச் சொல்வது. பிளாட்டினம் வைத்த பழைய மேக்னெட்டோ வண்டிகளில் அதனால் பெரிய சேதம் வராது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செய்ததில் நியாயம் இருந்தது. இன்றைய வண்டியில் பேட்டரிதான் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை விலக்கினால் வோல்டேஜ் ஒரு கணம் துள்ளும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் இருக்கும் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்தத் துள்ளலுக்கே பலியாகலாம்.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினைத் தொட்டபடி இருக்கட்டும். எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடித்தால் சிடிஐ பாதிக்கப்படும். பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து தள்ளியும் பிடி. அங்கே வருவது பெட்ரோல் ஆவி. பல்சர் காயிலின் ஓம் அளவு மாடலுக்கு மாடல் மாறும், ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றுக்கு வைத்துப் பேசாதே. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து பார்.

அன்புடன்,
உன் அண்ணன்