மஞ்சளும் சிறுநீரக நோயும்: அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை

மஞ்சள் பயிரிடும் அங்கத்தினர்களுக்குத் தம் விளைபொருளின் பெருமை நன்கு தெரியும். அதன் எல்லை தெரிந்திருப்பதும் அதே அளவு அவசியமாகும். சிறுநீரக நோயாளிகளின் உடல் அழற்சியை மஞ்சள் மாத்திரை தணிக்கும் என்னும் பேச்சு பரவியுள்ளது. அதை நம்பி வாங்குவோரும் நம்மில் உண்டு. அதைச் சொல்லி விற்க விரும்புவோரும் உண்டு. ஆகவே அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. அழற்சி என்பது யாது?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது உடலின் தற்காப்பாகும். வேலை முடிந்ததும் அது தணிந்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றவர்களிடத்திலோ, கழிவுகள் இரத்தத்தில் தேங்குவது முதலிய காரணங்களால் மெல்லிய அழற்சி ஓயாது நீடிக்கிறது. இது நாளடைவில் இரத்தக் குழாய்களையும் இருதயத்தையும் கெடுக்கின்றது.

2. மஞ்சளில் உள்ளது என்ன?

அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உடையதாகக் கருதப்படுவது குர்குமின் என்னும் பொருள். 100 கிராம் மஞ்சள் தூளில் இது சுமார் 3 கிராம் இருக்கும். அதிலும் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 20 மடங்கு கூடுகிறது என்று 1998ஆம் ஆண்டில் பெங்களூர் ஆராய்ச்சியாளர் கண்டனர். இதனாலேயே பல மாத்திரைகளில் மிளகுச் சத்தும் சேர்க்கப்படுகிறது. எனவே குழம்பில் இடும் மஞ்சள் வேறு. செறிவூட்டிய மாத்திரை வேறு.

3. சோதனைகள் கூறுவது

ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் நடந்து 2011இல் வெளிவந்த ஒரு சோதனையில், நீரிழிவால் சிறுநீரகம் கெட்ட 40 பேரில் பாதிப்பேருக்கு நாளுக்கு மூன்று வேளை 500 மில்லிகிராம் மஞ்சள் இரண்டு மாதம் கொடுக்கப்பட்டது. சிறுநீரில் புரதம் வெளியேறுவதும், அழற்சியைக் காட்டும் ஒரு பொருளும் குறைந்தன. ஆயினும் 40 பேர் சிறு கூட்டம். இரண்டு மாதம் குறுகிய காலம். நோய் தீர்ந்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது.

கனடாவின் 10 மருத்துவமனைகளில், வயிற்றுப் பெருந்தமனியில் அறுவைச் சிகிச்சை பெற்ற 606 பேரிடம் நடந்த சோதனை 2018இல் வெளிவந்தது. மிகுந்த அளவு குர்குமின் உண்டவர்களுக்கு அழற்சி குறையவில்லை. மாறாக, சிறுநீரகப் பாதிப்பு அடைந்தோர் வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 10 பேர். குர்குமின் உண்டவர்களில் நூற்றுக்கு 17 பேர். இவர்கள் சிறுநீரக நோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். எனினும் எச்சரிக்கை தெளிவானது.

4. கேடு எவ்வாறு நேர்கிறது?

மஞ்சளில் ஆக்ஸலேட் மிகுதி. அது எளிதில் கரைந்து இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும். பழுதுற்ற சிறுநீரகத்தில் அது படிகமாகத் தங்கிவிடக்கூடும். நெடுநாள் மஞ்சள் மாத்திரை உண்டு சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரைகளைத் தொடலாகாது.

5. சங்கத்தின் கடமை

நோய் தீர்க்கும் என்று பொட்டலத்தில் அச்சிட்டால் விற்பனை கூடும் எனச் சிலர் எண்ணலாம். சிறுநீரக அழற்சி நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளைப் பற்றிய பொய் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தினும் பெரிது நாணயம். நம் பொட்டலத்தை நம்பி ஒரு நோயாளி தன் மருந்தை நிறுத்தினால், அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவோம்?

சமையலில் இடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கலப்படமற்ற நல்ல மஞ்சளை நல்ல மஞ்சள் என்றே விற்போம். சிகிச்சையை மருத்துவரிடம் விடுவோம்.

கலந்துரையாடலுக்கு:
1. சமையல் மஞ்சளுக்கும் மஞ்சள் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இரு சோதனைகளும் வேறுபட்ட முடிவு தந்தமைக்குக் காரணங்கள் யாவை?
3. நம் சங்கப் பொட்டலத்தில் எவற்றை அச்சிடலாம், எவற்றை அச்சிடலாகாது?