வளரிளம் பருவத்து மனச்சோர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மனச்சோர்வு என்பது மனநிலையோடு தூக்கம், பசி, கவனம், உடல்தெம்பு ஆகியவற்றையும் சேர்த்துக் குலைக்கும் நோய். குணப்படுத்தக்கூடிய நோயும்கூட. ஆனால் வீடுகளில் வேரூன்றிய சில நம்பிக்கைகள், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தள்ளிப்போட்டுவிடுகின்றன.

நம்பிக்கை: இது வயசுக் கோளாறு; தானாகச் சரியாகிவிடும்.

உண்மை: இன்று கோபம், நாளை சிரிப்பு என்பது பருவத்தின் இயல்பு. சோர்வோ எரிச்சலோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, படிப்பும் நட்பும் பாதிக்கப்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம்பிக்கை: மனச்சோர்வு உள்ள பிள்ளை எந்நேரமும் அழுதுகொண்டிருக்கும்.

உண்மை: பதின்வயதினரிடம் சோகத்தைவிட எரிச்சலே முந்திக்கொண்டு தெரியலாம். சாப்பிடக் கூப்பிட்டாலே கதவை அறைந்து சாத்துவது, உயிராய் நேசித்த கிரிக்கெட் மட்டையைத் தொடாமலே இருப்பது, பரிசோதனையில் காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி ஆகியவை அறிகுறிகளாக இருக்கலாம். திமிர் என்று திட்டு வாங்கும் நடத்தை பல நேரம் நோயின் வெளிப்பாடே.

நம்பிக்கை: எல்லா வசதியும் இருக்கும் பிள்ளைக்கு மனச்சோர்வு வராது.

உண்மை: பரம்பரைக் கூறு, இழப்பு, கேலி, தேர்வு நெருக்கடி எனக் காரணங்கள் பல. வகுப்பில் முதலிடம் பெறுபவருக்கும் இது வரும். "உனக்கு என்ன குறை?" என்று கேட்பது குற்றவுணர்வைத்தான் கூட்டும். அறிவுரை சொல்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், குறுக்கிடாமல் கேட்பதே முதல் உதவி.

நம்பிக்கை: தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும்.

உண்மை: கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று நிதானமாக, நேரடியாகக் கேட்கலாம். ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மாத்திரைகள், பூச்சிமருந்து, எலிமருந்து ஆகியவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

நம்பிக்கை: மனநல மாத்திரை போதைபோல் பழகிவிடும்.

உண்மை: லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். நோய் கடுமையானால் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்துகளை மருத்துவர் சேர்ப்பார். இவை போதைப்பொருள்கள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் நெருங்கிய கண்காணிப்பு தேவை. தெளிவு வந்துவிட்டதென்று தாமாக நிறுத்தவும் கூடாது.

நம்பிக்கை: மனநல மருத்துவரிடம் போனால் ஊரில் பெயர் கெட்டுவிடும்.

உண்மை: இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. பிள்ளை வர மறுத்தாலும் பெற்றோர் முதலில் தாங்களே பேசி வழிகாட்டுதல் பெறலாம்.