பதினைந்தாம் சுற்றுக்கு முன்

விளையாட்டில் வெல்வது எவ்வாறு என்று பலர் நமக்குக் கூறுவர். எப்பொழுது நிறுத்துவது என்று கூறுவோர் சிலரே. அதனை உலகிற்கு உணர்த்திய ஒரு குத்துச்சண்டைப் போட்டியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

முகம்மது அலி 1975-ஆம் ஆண்டின் நடுவில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை வென்றார். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவை அடுத்த கெசோன் நகரில் ஜோ பிரேசியரை எதிர்த்து நின்றார்.

பிரேசியர் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இறைச்சிக் கூடத்தில் உழைத்துக்கொண்டே பயிற்சி பெற்று, 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றவர். 1971-இல் அவர் அலியை வென்றார். 1974-இல் அலி அவரை வென்றார். ஆகவே, இருவரில் சிறந்தவர் யார் என்பதை இம்மூன்றாவது போட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அக்காலத்தில் உலகப் பட்டப் போட்டி 15 சுற்றுகளைக் கொண்டது. ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடம்; இடையே 1 நிமிடம் ஓய்வு. ஓய்வின்போது வீரர் தம் மூலையில் அமர்வார். பயிற்சியாளர் அவருடைய காயங்களைக் கவனித்து, அறிவுரை கூறுவார். வீரரால் இனி இயலாது என்று கண்டால் போட்டியை நிறுத்தும் பொறுப்பும் அவருக்கு உண்டு.

அமெரிக்க மக்கள் இரவில் தொலைக்காட்சியில் காண்பதற்காகப் போட்டி மணிலாவில் காலையில் நடைபெற்றது. அரங்கினுள் வெப்பம் தகித்தது. முதற் சுற்றுகளில் அலியின் கை ஓங்கியது. இடைச் சுற்றுகளில் பிரேசியர் அலியின் விலாவில் இடைவிடாது குத்தினார். பன்னிரண்டாம் சுற்றிலிருந்து அலி மீண்டும் எழுச்சி பெற்றார். பதினான்காம் சுற்று முடிந்தபோது பிரேசியரின் முகம் வீங்கி, கண்கள் ஏறத்தாழ மூடிவிட்டன. வரும் குத்தை அவரால் காண இயலவில்லை.

எஞ்சியிருந்தது ஒரே சுற்று, மூன்றே நிமிடம். பிரேசியர் தொடரவே விரும்பினார். ஆனால், அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் இணங்கவில்லை, போட்டியை நிறுத்தினார். இளமையில் தாமும் குத்துச்சண்டை பயின்ற அவருக்கு அப்போது வயது 64. பட்டத்தைவிட வீரரின் உயிரே அவருக்குப் பெரிதாகப் பட்டது. வென்ற அலியும் நிற்க வலுவின்றித் தளர்ந்து சரிந்தார். மரணத்தை அன்று மிக அருகில் உணர்ந்ததாக அவரே பின்னர்க் கூறினார்.

ஃபட்ச் அஞ்சியது வீண் அச்சமன்று. 1982-இல் லாஸ் வேகாசில் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியொன்றில், தென்கொரிய வீரர் கிம் டுக் கூ அதே பதினான்காம் சுற்றில் வீழ்ந்தார். தலையில் ஏற்பட்ட காயத்தால் சில நாளில் உயிர் துறந்தார். அதன் பின்னரே பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. பிரேசியரோ மணிலாவுக்குப் பின் 36 ஆண்டுகள் வாழ்ந்து, 2011-இல் மறைந்தார்.

மாணவர்களே! விடாமுயற்சி வேண்டும். எனினும், காலில் அடிபட்ட பின்னும் திடலை விட்டு வர மறுக்கும்போது, ஆசிரியரோ பெற்றோரோ "போதும், வா" என்று அழைத்தால் சினம் கொள்ளாதீர். நீங்கள் நாளையும் ஓட வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அழைக்கின்றனர். பெரியோர்களே! பிள்ளை தானாக நிறுத்தமாட்டான். அவன் மூலையில் நிற்பவர் நாமே.